வந்தால் கண், வராவிட்டால் கேமரா

இந்த இனத்தைத் தேடி நீங்கள் காடு மலை ஏற வேண்டியதில்லை. கையில் ஒரு நல்ல புகைப்படம் இருந்தால் போதும். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் அதை நீட்டுங்கள். மூன்று பேர் படத்தைப் பார்ப்பார்கள். நாலாவது ஆள் படத்தைப் பார்க்கமாட்டார், உங்களைப் பார்த்து, "என்ன கேமரா?" என்று கேட்பார். விடாதீர்கள், அவர்தான்.

நீங்கள் ஏதோ ஒரு பெயரைச் சொல்வீர்கள். சொன்னதும் அவர் முகத்தில் ஒரு பெரிய நிம்மதி பரவும். "அதான் பார்த்தேன்" என்பார். அவ்வளவுதான். விடியுமுன் எழுந்து, பனியில் நனைந்து, முட்டி போட்டு, சட்டையெல்லாம் சேறாக்கிக்கொண்டு நீங்கள் எடுத்த படம் அந்தக் கணமே உங்கள் கையை விட்டுக் கழன்று, கேமரா செய்தவன் மடியில் போய் உட்கார்ந்துவிடும். நீங்கள் ஏதோ வழியில் போனவர். கேமரா படம் எடுக்கும்போது அதைப் பிடித்துக்கொண்டு நின்றவர்.

சரி, அதே ஆசாமி எடுத்த படம் ஒன்று தப்பித் தவறி நன்றாக வந்துவிட்டால்? அப்போது கேமராவின் பேச்சே எழாது. தலையை லேசாகச் சாய்த்து, ஆள்காட்டி விரலால் வலது கண்ணுக்குக் கீழே இரண்டு தட்டுத் தட்டி, "எல்லாம் இதுல இருக்கு" என்பார். அவர் படம் கெட்டுப்போனால் குற்றம் கேமராவுடையது. உங்கள் படம் கெட்டுப்போனால், "கேமரா என்ன பண்ணும், பாவம்" என்று அந்த ஜடத்துக்காக உச்சுக்கொட்டுவார். இப்படி நாலு பக்கமும் சுவர் எழுப்பிய சட்டம் இது. எந்தப் பக்கம் போய் முட்டினாலும் உங்கள் தலைதான் வீங்கும், அவர் உள்ளே சௌக்கியமாக உட்கார்ந்திருப்பார்.

இந்த இனத்தில் நல்ல முதிர்ந்த மாதிரி ஒருவரை உங்களுக்குக் காட்டுகிறேன். அலுவலகத்தில் அவரைப் போட்டோ சார் என்பார்கள். வேலைக்கும் போட்டோவுக்கும் சம்பந்தமில்லை. நகரத்துக்குத் தண்ணீர் விடும் அலுவலகத்தில், மீட்டர் சோதிக்கும் அறை அவருடையது. புகார் வந்த மீட்டரைக் கழற்றிக்கொண்டு வந்து, மேசைக் குழாயில் பூட்டி, அளவு போட்ட தொட்டிக்குள் தண்ணீரை விட்டு, தொட்டி சொல்வதும் மீட்டர் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அவர் தொழில். ஈரத் தரை, துரு வாசனை, எந்நேரமும் எங்கேயோ சொட்டிக்கொண்டிருக்கும் ஒரு சத்தம். அதற்கு நடுவில் கைகளைத் துடைத்தபடி போட்டோ சார் வெளியே வருவார். வாசலில் புகார்க்காரர் கொதித்துக்கொண்டிருப்பார்.

"வீட்டுல மூணே பேருங்க. இவ்வளவு தண்ணி எப்படிங்க ஓடும்? மீட்டர் கோளாறுதான், சந்தேகமே இல்ல."

போட்டோ சார் கோபப்படமாட்டார். வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்ட அந்த வாக்கியத்தை, துண்டை மடித்தபடியே சொல்வார்.

"மீட்டர் சரியாத்தான் இருக்கு. வீட்டுக்குள்ள போய்ப் பாருங்க."

அவர்கள் முனகிக்கொண்டே போவார்கள். போய்ப் பார்த்தால் கக்கூஸ் தொட்டியோ, தோட்டத்துக் குழாயோ, யாரும் மூடாத ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். "தன் வீட்டுக் குழாயைப் பார்க்காம மீட்டர் மேல பழி போடறாங்க. என்ன மனுஷங்களோ" என்று அவர் உதவியாளரிடம் அலுத்துக்கொள்வார். இதைச் சொல்லும்போது அவர் கழுத்தில் கேமரா தொங்கிக்கொண்டிருக்கும் என்பதை நான் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும்.

அந்தக் கேமராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கறுப்பு, கனம், தோள்வார் நெடுக வியர்வைக் கறை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதற்குத் துடைப்பு உண்டு. ஊதிக் குப்பை எடுக்கிற ரப்பர் குமிழ் ஒன்று, மெல்லிய துணி ஒன்று, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சுகிற பொட்டலங்கள். வீட்டில் யாரும் தொடக் கூடாது. மகள் சின்னவளாக இருந்தபோது ஒரு தரம் கண்ணாடியில் விரலை வைத்துவிட்டாள். அந்தக் கைரேகையைப் பற்றி அவள் கல்லூரி முடிக்கும் வரைக்கும் பேச்சிருந்தது. இத்தனை சீராட்டிக் காக்கிற அந்தக் கேமராவைத்தான், வெளியே நாலு பேர் முன்னால், "இந்த டப்பாவை வச்சுக்கிட்டு நான் என்னத்தைப் பண்றது" என்று வாய்க்கு வந்தபடி ஏசுவார். கேமராவும் பதில் பேசாது. அதனால்தான் அது அவருக்கு இத்தனை வருஷம் ஒத்துப்போனது.

உறவில் எந்த விசேஷம் நடந்தாலும் அழைப்பு வருகிறதோ இல்லையோ, போட்டோ சார் வருவார். ஒரு கண்ணை மூடி, முன்னால் போய், பின்னால் வந்து, நாற்காலியில் ஏறி, இறங்கி, "தலையைக் கொஞ்சம் இப்படி, இப்படி இல்ல, அப்படி" என்று எல்லோருடைய கழுத்தையும் சுளுக்க வைத்து, கடைசியில் ஒருவழியாக எடுப்பார். படங்கள் வரும். பெரியப்பா தலையிலிருந்து டியூப்லைட் முளைத்திருக்கும். கேக் வெட்டுகிற குழந்தையின் கத்தி தெரியும், கேக் தெரியும், குழந்தை தெரியாது. "லைட்டு மோசம்" என்பார். "இந்த லென்ஸுக்கு இவ்வளவுதான் வரும்" என்பார். "ஃபோகஸ் தூங்கி வழியுது" என்பார். தூங்கி வழிந்தது யார் என்று யாரும் கேட்டதில்லை, மரியாதைக்குத்தான்.

அவர் மனைவி பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறார். நாள் முழுக்கப் பயந்த முகங்களைப் பார்த்துப் பார்த்து, எந்த முகத்தை எப்படி அவிழ்ப்பது என்று அவருக்குக் கை வந்துவிட்டது. ஆனால் தன் முகம் என்ன ஆகிறது என்று பார்க்க அவருக்கு வாய்ப்புக் கிடைத்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து கணவர் எடுத்த அத்தனை படத்திலும் அவருக்குக் கண் மூடியிருக்கிறது. "நம்ம பேரப்பிள்ளைங்க பார்த்தா, பாட்டி வாழ்க்கை பூரா தூங்கிட்டே இருந்தாங்கன்னு நினைப்பாங்க" என்று சிரிப்பார். "நீ ஏன் அந்த நேரம் பார்த்துக் கண்ணை மூடறே?" என்று கணவர் கேட்பார். பாருங்கள், கேமராவை விட்டால் அடுத்த குற்றவாளி யார் என்று.

மனைவியின் தம்பி மரச்சாமான் கடையில் விற்பனையாளர். அவரிடமும் ஒரு கேமரா உண்டு. அவருக்குப் படம் வந்துவிடும், அதுதான் தகராறு. மழைத் தண்ணீரைத் தாண்டிக் குதிக்கிற ஒரு பையனை அவர் எடுத்த படத்தைக் கடைக்காரர்கள் தங்கள் காலண்டரில் போட்டுவிட்டார்கள். கால் தண்ணீரைத் தொடப்போகிறது, இன்னும் தொடவில்லை; கீழே அவன் நிழல் அவனைப் பிடிக்கக் காத்திருக்கிறது. வீட்டில் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். போட்டோ சார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "உன் கேமரா போன வருஷம் வாங்கினதுதானே?" என்றார்.

"ஆமா மாமா."

"அதான் பார்த்தேன்."

மைத்துனர் காலண்டரை ஆணியில் மாட்டினார். மனதில் ஒரு ஓரமாக எடுத்து வைத்துக்கொண்டார்.

இனி ஒரு நிஜச் சுவருக்கு வருவோம். தண்ணீர் அலுவலகத்தின் நீண்ட நடைக்கூடத்தில், பணி ஓய்வு பெறுகிறவர்களின் படத்தைச் சட்டம் போட்டு வரிசையாக மாட்டுகிற பழக்கம். ஓய்வு பெறுகிறவரை எடுக்கிற வேலை வெகுகாலமாகப் போட்டோ சாருடையது. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்து போனால் உங்களுக்கு மனசு கனத்துவிடும். பழைய கணக்காளருக்குக் கண்கள் இல்லை, மூக்குக்கண்ணாடியில் இரண்டு வெள்ளை வெளிச்சம்தான் இருக்கிறது. தட்டச்சு செய்த அம்மாவுக்குப் பின்னாலிருந்த ஜன்னல் கம்பி இரண்டு கொம்பாக எழுந்து நிற்கிறது. ஒரு மேலதிகாரிக்கு நெற்றியோடு படம் முடிந்துவிட்டது. அவர் வழுக்கையை மறைக்க எடுத்த முடிவு அது என்று சிலர் நல்லெண்ணத்தோடு நம்புகிறார்கள். ஒரு பொறியாளர் மங்கலாக, எங்கேயோ புகைக்குள் இருக்கிறார். அவருக்குப் பின்னாலிருந்த தொட்டிச் செடி மட்டும் இலை இலையாக, நரம்பு நரம்பாக, அத்தனை தெளிவாக வந்திருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அந்தச் செடிதான் ஓய்வு பெற்றது என்று நினைத்துக்கொள்வதுண்டு.

போட்டோ சாரின் முறையும் வந்தது.

"சார், அடுத்த மாசம் உங்க படம் மாட்டணும். நல்லதா ஒண்ணு கொண்டு வந்துடுங்க" என்றார் நிர்வாக அதிகாரி. சாதாரணமாகத்தான் சொன்னார். போட்டோ சார் மதியம் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சுவர் முன்னால் வெகுநேரம் நின்றார். இந்தச் சுவர் ஒரு மனிதனை என்ன பாடுபடுத்தும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? ஓர் ஆள் வேலை செய்த காலமெல்லாம் இங்கே வந்து ஒரு சட்டத்துக்குள் சுருங்கிவிடுகிறது. பின்னால் வருகிறவர்களுக்கு அந்தப் படம்தான் ஆள். தான் இந்த வரிசையில் கண் இல்லாமலோ கொம்போடோ புகையாகவோ தொங்கக் கூடாது என்று அவர் முடிவு செய்துகொண்டார். கணக்காளரைப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. நல்லவேளை, கணக்காளராலும் அவரைப் பார்க்க முடியாது.

வீட்டுக்கு வந்து தன் படம் ஒன்றைத் தேடினார். அலமாரியைக் கவிழ்த்தார்கள். ஆல்பம் ஆல்பமாகப் புரட்டினார்கள். குடும்பத்தில் எல்லோரும் இருந்தார்கள். பக்கத்து வீட்டு நாய் இருந்தது. போட்டோ சார் இல்லை. எப்படி இருப்பார்? எல்லாப் படத்துக்கும் இந்தப் பக்கம் அவர் அல்லவா நின்றார். ஒரு படத்தில் அவர் கட்டைவிரல் இருந்தது. கடற்கரையில் எடுத்த இன்னொன்றில் அவருடைய நிழல், கேமராவோடு, மனைவியின் கால்வரை நீண்டிருந்தது.

"நிழல் நல்லா வந்திருக்குப்பா" என்றாள் மகள்.

"தம்பியைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லலாமே" என்றார் மனைவி.

"அவன் எடுத்தா நல்லா வரும். வராம என்ன. அவன் கேமரா அப்படி. ஆனா பார்க்கிறவங்க கேமராவையா சொல்லுவாங்க? அவன் பேரைத்தான் சொல்லுவாங்க."

"அப்ப ஸ்டூடியோ?"

"காசுக்கு எடுக்கிறவனுக்குக் கண்ணு கடிகாரத்து மேல இருக்கும்."

ஆகவே தன்னைத் தானே எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. இதில் இன்னொரு கணக்கும் இருந்தது. ஓய்வு பெற்றதும் ஒரு புதுக் கேமரா வாங்கப்போவதாக அவர் ஊரெல்லாம் சொல்லியிருந்தார். "அப்பத் தெரியும் என் கண்ணு என்னன்னு" என்பார். சனிக்கிழமை சாயங்காலம் கடைவீதிப் பக்கம் போனால் கேமராக் கடை ஜன்னலில் மூச்சுக்காற்றின் ஈரம் வட்டமாகப் படிந்திருக்கும். உள்ளே அந்தக் கேமரா, வெளியே இவர். மனைவியும் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டிருந்தார். "பழைய கேமராவுலதான் கோளாறுன்னா தாராளமா வாங்கிக்கோங்க. நல்லா இருக்கிறதைத் தூக்கி எறிய வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை முன்னறையில் ஏற்பாடு நடந்தது. ஜன்னலோரம் ஒரு நாற்காலி. எதிரே கேமரா பூட்டிய முக்காலி. அதன் ஒரு காலுக்குச் சறுக்குகிற வழக்கம் உண்டு என்பதால் கீழே பழைய செருப்பு ஒன்று முட்டுக்கொடுத்து நின்றது. தானாகப் படம் எடுக்கிற பொத்தானை அமுக்கினால் சிவப்பு விளக்கு கண்ணைச் சிமிட்டும். சிமிட்டி முடிப்பதற்குள் ஓடிப்போய் உட்கார வேண்டும். முதல் ஓட்டத்தில் உட்காரப்போகிற நிலையில், பாதியில் தொங்கியபடி மாட்டிக்கொண்டார். அடுத்த ஓட்டத்தில் சட்டை கதவுக் கொக்கியில் சிக்கி, படத்தில் ஒரு காலி நாற்காலியும் ஒரு கையும் மட்டும் இருந்தன. மூன்றாம் தடவை எல்லாம் கூடிவந்தது. நேரத்துக்கு உட்கார்ந்தார், கழுத்தை நிமிர்த்தினார், மூச்சை அடக்கினார். படம் விழுந்தது.

ஓடிவந்து பார்த்தார். சுவரில் தொங்கிய காலண்டர் பளிச்சென்று வந்திருந்தது. மைத்துனரின் கடைக் காலண்டர்தான். தண்ணீரைத் தாண்டுகிற பையன், கீழே கட்டில் பீரோவுக்கான விளம்பரம், பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் வரைக்கும் படிக்க முடிந்தது. அதற்கு முன்னால் நீலச் சட்டை போட்ட ஏதோ ஒரு மூட்டம்.

"பாரு, பாரு, இந்த டப்பாவோட லட்சணத்தைப் பாரு" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

டப்பா என்ன செய்யும்? பொத்தானை அமுக்கிய கணத்தில்தான் கேமரா எதைத் தெளிவாகப் பார்ப்பது என்று முடிவு செய்கிறது. அந்தக் கணத்தில் நாற்காலி காலி. இருந்தது காலண்டர் ஒன்றுதான். அதை மனப்பூர்வமாகப் பார்த்தது. பிறகு ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்து நடுவில் உட்காருவார் என்று அதற்கு யார் சொன்னது? இது போட்டோ சாருக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். ஏன் தெரியாது? மைத்துனரின் கேமராவில் நடந்திருந்தால் கரும்பலகை வைத்துப் பாடமே நடத்தியிருப்பார்.

ஆனாலும் மனசுக்குள் ஒரு மூலையில் அது உறைத்திருக்க வேண்டும். உள்ளே போய் ஒரு தலையணையைக் கொண்டுவந்து, தன்னுடைய இன்னொரு சட்டையை அதற்கு மாட்டி, கழுத்துப் பொத்தான்வரை போட்டு, நாற்காலியில் உட்கார்த்தி வைத்தார். அதன் மேல் ஃபோகஸ் வைத்துவிட்டுப் பிறகு மாறிக்கொள்வது திட்டம். அந்த நேரத்தில் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். தலையணையைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். மறுபடி தலையணையைப் பார்த்தார்.

"உங்களைவிட இது நிதானமா உக்காந்திருக்கு. இதையே எடுத்து மாட்டிடலாமே."

"கிண்டல் பண்ணாதே. நாலு நாள்ல படம் கொடுக்கணும்."

குரல் உடைந்திருந்தது. மனைவிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. தலையணையைத் தூக்கிச் சோபாவில் வைத்தார். "உக்காருங்க. நான் எடுக்கறேன்."

போட்டோ சாரின் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய சோதனை வந்ததில்லை. கேமராவை முக்காலியிலிருந்து கழற்றினார், கொடுக்கவில்லை. தோள்வாரை மனைவி கழுத்தில் மாட்டினார், கையை எடுக்கவில்லை. வெளிச்சம் என்றால் என்ன, லென்ஸ் துவாரம் சின்னதானால் என்ன ஆகும், பெரிதானால் என்ன ஆகும், மூச்சை எங்கே விட வேண்டும், முழங்கையை எங்கே வைக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். அடுப்பில் வைத்த பால் பொங்கி அடங்கிற்று. மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எதை அமுக்கணும்?" என்றார்.

"அமுக்கறது கடைசி. அதுக்கு முன்னாடி..."

"எதைன்னு காட்டுங்க. மத்ததை அப்புறம் கத்துக்கறேன்."

காட்டினார். போய் உட்கார்ந்தார். நிமிர்ந்தார். முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டார்.

"ஏன் இப்படி?" என்றார் மனைவி, கேமராவை இறக்கி.

"எப்படி?"

"கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வந்தவங்க மாதிரி."

"எனக்கு எப்பவுமே இதான் முகம்."

"இல்ல. எனக்குத் தெரியாதா."

மனைவி மறுபடி கேமராவைத் தூக்கினார். பல் மருத்துவர் ஊசியைக் கையிலெடுக்கும் நேரம் பார்த்து, அவர் நோயாளியிடம் சம்பந்தமில்லாமல் எதையாவது கேட்பது வழக்கம். பதில் யோசிக்கிற மனிதனுக்குப் பயப்பட நேரம் இருக்காது. அப்படித்தான் கேட்டார்.

"ரிட்டயர் ஆன மறுநாள் காலையில எழுந்ததும் என்ன பண்ணப் போறீங்க?"

போட்டோ சார் அதை எதிர்பார்க்கவில்லை. வாயைத் திறந்தார். மூடினார். ஈரத் தரையும் சொட்டுகிற சத்தமும் இல்லாத ஒரு காலை நேரத்தை அவர் அதுவரைக்கும் நினைத்துப் பார்த்ததே இல்லை என்பது முகத்தில் அப்படியே தெரிந்தது. மனைவி அமுக்கவில்லை. காத்திருந்தார்.

"என்ன பண்ண... உன்னைத்தான் உக்கார வச்சுப் படம் எடுப்பேன்" என்றார் கடைசியில்.

"சரி. அப்ப நான் இப்பவே கண்ணை மூடிக்கிட்டுப் பழகணும்."

அவர் சிரித்துவிட்டார். அடக்கிப் பார்த்தும் முடியாமல், தோள் குலுங்க, கண்ணோரமெல்லாம் சுருங்கச் சிரித்துவிட்டார். அப்போது அமுக்கினார் மனைவி.

"ஏய், நான் தயாராகவே இல்ல."

"தெரியும். அதான் எடுத்தேன்."

படத்தைப் பார்த்தார்கள். சட்டைக் காலரில் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. காலண்டர் எங்கேயோ பின்னால் மங்கிப்போயிருந்தது. ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில். நடுவில் அவர், கண் இமை மயிர் தெரிகிற தெளிவில், யாரையோ பார்த்து மனசாரச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சுவரில் இன்றுவரை ஒருவரும் அப்படி உயிரோடு தொங்கியதில்லை. மகள் எட்டிப் பார்த்து, "அப்பா, இது நீங்கதான்" என்றாள். போட்டோ சார் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஃபோகஸ் தானா விழுந்திருக்கு" என்றார்.

விடைபெறும் நாளும் வந்தது. டீ, கேக், மாலை, நிர்வாக அதிகாரியின் நீளமான பேச்சு எல்லாம் முடிந்து, படத்தை வரிசைக் கடைசியில் மாட்டினார்கள். நடைக்கூடம் நிறையக் கூட்டம். யாரும் நகரவில்லை. பழைய கணக்காளர்கூட விழாவுக்கு வந்திருந்தார். தன் வெள்ளைக் கண்ணாடிப் படத்தையும் அந்தப் படத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் எடுத்தது சார்?" என்றார் ஒருவர்.

"வீட்டுல எடுத்தாங்க" என்றார் போட்டோ சார், கேக்கைப் பார்த்துக்கொண்டே.

"எந்தக் கேமராவுல?"

"என்னோடதுதான்."

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மைத்துனர் முன்னால் வந்தார். ஓரமாக எடுத்து வைத்திருந்ததை இன்றைக்குத் தூசி தட்டி எடுத்திருந்தார். மிகவும் பணிவாகக் கேட்டார்.

"மாமா, நீங்க சொன்னா சரியா இருக்கும். இதுல கேமரா நல்லதா, இல்ல அக்கா கை நல்லதா?"

நடைக்கூடமே திரும்பிப் பார்த்தது. அவரிடம் "அதான் பார்த்தேன்" வாங்காதவர்கள் அங்கே மிகக் குறைவு. அவர் நிலைமையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். கேமரா நல்லது என்று சொன்னால், இத்தனை வருஷம் அந்தச் சுவரைக் கெடுத்தது கேமரா இல்லை என்றாகிறது. கடை ஜன்னலில் காத்திருக்கிற புதுக் கேமராவும் கைநழுவிப் போகிறது. கேமரா மோசம் என்று சொன்னால், அந்த மோசமான கேமராவில் இப்படி ஒரு படம் எடுத்த மனைவியிடம் அந்தக் கண் போய்விடுகிறது. கண்ணுக்குக் கீழே தட்டுகிற உரிமை இனி அவருக்கு இல்லை. நாலு பக்கமும் அவரே எழுப்பிய சுவர். இப்போது உள்ளே மாட்டிக்கொண்டிருப்பவரும் அவரே.

போட்டோ சார் கேக்கை மென்றார். விழுங்கினார். டீயைக் குடித்தார். விரல் மெல்ல மேலே எழுந்தது. எல்லோரும் வலது கண்ணைப் பார்த்தார்கள். விரல் கண்ணுக்குப் போகவில்லை. முகத்தைச் சுற்றி நிதானமாக ஒரு வட்டம் போட்டது.

"கேமராவும் இல்ல, கையும் இல்ல" என்றார். "எல்லாம் முகத்துல இருக்கு. முகம் நல்லா இருந்தா யார் எடுத்தாலும் வரும்."

கூட்டம் அசந்துபோய்விட்டது. இப்படி ஒரு வாசல் அந்தச் சுவரில் இருப்பது யாருக்குமே தெரியாது. பழைய கணக்காளர் மட்டும், "அப்ப என் முகம்தான் சரியில்லையா?" என்று மெதுவாகக் கேட்டார். தட்டச்சு அம்மாவுக்குக் கொம்பு முளைத்ததும் முகத்தினால்தானா என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். போட்டோ சார் அசட்டுச் சிரிப்போடு மனைவி பக்கம் திரும்பினார், காப்பாற்று என்பதுபோல. அந்த அம்மா டீக் கோப்பையைக் கீழே வைத்தார். கைக்குட்டையை எடுத்து, துண்டை மடிப்பதுபோல நிதானமாக மடித்தார்.

"மீட்டர் சரியாத்தான் இருக்கு" என்றார். "வீட்டுக்குள்ள போய்ப் பாருங்க."

அலுவலகமே அதிர்ந்தது. அந்த வாக்கியத்தைத் தினமும் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள் அவர்கள். நிர்வாக அதிகாரிக்குப் புரையேறி, இரண்டு பேர் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. போட்டோ சார் ஒரு கணம் முறைத்தார். அடுத்த கணம் அவராலும் முடியவில்லை. தோள் குலுங்கிற்று, கண்ணோரம் சுருங்கிற்று. சுவரில் ஒன்றும் கீழே ஒன்றுமாக ஒரே சிரிப்பு இரண்டு இடத்தில் நின்றது.

அதற்குப் பிறகு அவர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனம் அவ்வளவு சுலபமாகத் திருந்துவதில்லை. அடுத்த வாரமே பக்கத்து வீட்டுக்காரரிடம், "படம் எடுத்தது அவங்கதான், ஆனா எப்படி எடுக்கணும்னு சொல்லிக் கொடுத்தது யாரு?" என்று அவர் கேட்டதை என் காதால் கேட்டேன். ஆனால் கடை ஜன்னலில் மூச்சுக்காற்று வட்டம் இப்போது இல்லை. பழைய கேமராவுக்கு ஞாயிறுதோறும் துடைப்பு நடக்கிறது, ஏச்சு நின்றுவிட்டது. ஓய்வு பெற்ற மறுநாள் காலை, சொன்ன சொல் தவறாமல் மனைவியை ஜன்னலோரம் உட்கார வைத்தார். கையிருப்பில் வேறு கேள்வி இல்லாததால், "நாளைக்கு என்ன சமையல்?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். காத்திருந்ததுதான் பெரிய விஷயம். அந்தப் படத்தில் மனைவிக்கு ஒரு கண் திறந்திருக்கிறது. அதைச் சட்டம் போட்டு முன்னறையில், காலண்டர் இருந்த இடத்தில் மாட்டியிருக்கிறார்கள். வருகிறவர்களிடமெல்லாம் அந்த அம்மாதான் பெருமையாகக் காட்டுகிறார்.

இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே படித்தீர்கள். ஒன்று கேட்கிறேன், சொல்லுங்கள். படிக்கும்போது உங்களுக்கு யார் ஞாபகம் வந்தது? மைத்துனரா? குழம்பு கெட்டால் அடுப்பையும், ருசித்தால் கையையும் சொல்கிற பக்கத்து வீட்டு அக்காவா? பரீட்சையில் தவறினால் பேனாவைத் திட்டுகிற மகனா? ஒவ்வொரு வரியிலும் வேறு யாராவதுதான் வந்தார்கள், நீங்கள் ஓரிடத்திலும் வரவில்லை என்றால், எனக்கு உங்களைப் பற்றித்தான் கவலை. மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது. வீட்டுக்குள் போய்ப் பாருங்கள்.